பெயர் தெரியாத கொலைகாரனுக்குப் பெயர் வைத்த பெண்

*13 கொலைகள். 50-க்கும் மேற்பட்ட பாலியல் வன்கொடுமைகள். 40 ஆண்டுகளாக முகம் தெரியாத குற்றவாளி. கலிஃபோர்னியா மறந்துகொண்டிருந்த ஒரு வழக்கை, மகளின் விளையாட்டு அறையில் உட்கார்ந்து மறுபடி உலகத்தின் முன் கொண்டுவந்தார் மிஷெல் மெக்நமாரா.*

எட்டு டாலர் விலை போட்டிருந்த ஒரு பொருளுக்கு நாற்பது டாலர் கூரியர் கட்டணம் கட்டினார் மிஷெல் மெக்நமாரா. மறுநாளே அது கைக்கு வந்து சேர வேண்டும் என்ற அவசரம். ஆண்கள் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் ஒரு ஜோடி கஃப்லிங்க்தான் அந்தப் பொருள். அதில் ‘என்’, ‘ஆர்’ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன.

1977 செப்டம்பரில், கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் முகமூடி போட்ட ஒருவன் ஒரு தம்பதியின் வீட்டுக்குள் நுழைந்தான். அவர்களைச் சிதைத்துவிட்டு இருட்டில் மறைந்தபோது, வீட்டிலிருந்து சில பொருள்களையும் எடுத்துப் போனான். இதே எழுத்துகள் பொறித்த கஃப்லிங்கும் அவற்றில் ஒன்று. போலீஸ் அறிக்கையில் ஒற்றை வரியாகக் கிடந்த அந்தத் தகவலைப் பிடித்துக்கொண்டார் மிஷெல். இணையத்தில் பழம்பொருள் விற்கும் கடைகளை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே போனவர், ஆரிகன் மாநிலத்துக் கடை ஒன்றில் அந்த ஜோடியைக் கண்டார்.

அந்தக் கஃப்லிங்கால் வழக்கு துலங்கவில்லை. ஆனாலும், முன்பின் தெரியாத ஒரு தம்பதி பறிகொடுத்த சின்னப் பொருளை, பல ஆண்டுகள் கழித்து, தூக்கத்தை விட்டுத் தேடும் மனம் எத்தனை பேருக்கு வரும்? மிஷெல் போலீஸ் இல்லை. வக்கீல் இல்லை. தடயவியல் படித்தவரும் இல்லை. ஓர் எழுத்தாளர், ஒரு பெண் குழந்தையின் அம்மா. லாஸ் ஏஞ்சலீஸில் இருந்த தன் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, மகளின் பொம்மைகளுக்கு நடுவே லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அமெரிக்கக் குற்ற வரலாற்றின் மிகக் கொடூரமான ஒருவனைத் தேடினார்.

ஓக் பார்க்கில் ஒரு சந்து

இந்தத் தேடலின் வேர், சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க் என்ற ஊரில் இருக்கிறது. 1984-ல் மிஷெலுக்கு 14 வயது. அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், மாலையில் ஓட்டப் பயிற்சிக்குப் போன ஓர் இளம்பெண்ணை யாரோ சந்துக்குள் இழுத்துக் கொன்றுவிட்டார்கள். ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. மிஷெல் மட்டும் ஒரு நாள் தனியாக அந்தச் சந்துக்குப் போனார். இறந்த பெண் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓடிய வாக்மேனின் உடைந்த துண்டுகள் தரையில் கிடந்தன. குனிந்து அவற்றைக் கையில் எடுத்தார்.

கொலை செய்தவனின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெற்றிடம் இருந்ததுதான் தன்னை விடாமல் பிடித்துக்கொண்டது என்று பின்னாளில் எழுதினார். அந்த முகத்துக்கு ஒரு பெயர் கிடைக்காதவரை அவனுக்குத்தான் பலம். பெயர் தெரிந்த நிமிடமே அந்தப் பலம் போய்விடும். அவர் வாழ்க்கை முழுக்கச் செய்த வேலைக்கு இந்த ஒரு நம்பிக்கைதான் அடிப்படை.

நோட்டர்டாம் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் படைப்பிலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். எழுத்து வேலை தேடி லாஸ் ஏஞ்சலீஸ் வந்தார். 2005-ல் நகைச்சுவைக் கலைஞர் பேட்டன் ஆஸ்வால்ட்டைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டே ‘ட்ரூ கிரைம் டைரி’ என்ற இணையதளத்தைத் தொடங்கி, துலங்காத வழக்குகளைப் பற்றி எழுத ஆரம்பித்தார். அப்படி எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அவர் பார்வை கலிஃபோர்னியாவின் அந்த முகமூடி மனிதன் மீது விழுந்தது.

ஊரே தூங்காத இரவுகள்

அவனது தடம் 1974-ல் விசாலியா என்ற சிறு நகரத்தில் தொடங்குகிறது. இரண்டு ஆண்டுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளில் புகுந்தான். பணத்தைவிட அவனை ஈர்த்தவை ஒற்றைத் தோடு, குடும்பப் புகைப்படம், உண்டியல் காசு போன்றவை. வீட்டாருக்கு மட்டுமே மதிப்புள்ள பொருள்கள். 1975 செப்டம்பரில் ஒரு கல்லூரிப் பேராசிரியரின் மகளை வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போக முயன்றான். தடுக்க ஓடி வந்த தந்தையைச் சுட்டுக் கொன்றான்.

1976 ஜூனில் மாநிலத் தலைநகரான சேக்ரமென்டோவின் கிழக்குப் புறநகரில் பாலியல் வன்கொடுமைகள் தொடங்கின. ஒவ்வொன்றும் பல நாள் திட்டமிட்டுச் செய்தவை. குறி வைத்த வீட்டுக்குள் முன்கூட்டியே புகுந்து ஜன்னல் தாழ்ப்பாளைத் திறந்து வைப்பான். வாசல் விளக்கைச் செயலிழக்கச் செய்வான். கட்டிப்போடுவதற்கான கயிற்றை உள்ளேயே ஒளித்து வைப்பான். தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசாமல் வைத்துவிடுவான். பிறகு ஒரு நள்ளிரவில், தூங்குகிறவர்களின் கண்ணில் டார்ச் வெளிச்சம் அடிக்கும். பற்களைக் கடித்துக்கொண்டு கிசுகிசுக்கும் ஒரு குரல் கேட்கும்.

முதலில் தனியாக இருந்த பெண்களைத் தாக்கினான். பின்பு, கணவன் இருக்கும் வீடுகளையே தேடிப் போனான். கணவனைக் கட்டிக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் சமையலறைத் தட்டுகளை அடுக்கிவிடுவான். தட்டுச் சத்தம் கேட்டால் இருவரையும் கொன்றுவிடுவதாக மிரட்டிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போவான். மணிக்கணக்கில் வீட்டிலேயே இருப்பான். ஃபிரிட்ஜைத் திறந்து சாப்பிடுவான். அவன் போய்விட்டானா, இன்னும் மூலையில் நிற்கிறானா என்று தெரியாமல், விடியும்வரை அசையாமல் கிடந்தவர்கள் பலர்.

சேக்ரமென்டோவில் பூட்டுகள் விற்றுத் தீர்ந்தன. துப்பாக்கி விற்பனை ஏறியது. ஆண்கள் முறை வைத்துத் தெருக்களில் ரோந்து போனார்கள். மக்கள் கூட்டம் ஒன்றில் ஒருவர் எழுந்து, கணவன் வீட்டில் இருக்கும்போது இப்படி எப்படி நடக்கும் என்று கேட்டதாகவும், சில மாதங்கள் கழித்து அவர் வீடே தாக்கப்பட்டதாகவும் அப்போதைய விசாரணை அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாக அவனும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தானோ என்ற அச்சம் அவர்களை விட்டுப் போகவே இல்லை.

1978 பிப்ரவரியில், நாயோடு மாலை நடை போன ஓர் இளம் தம்பதி சேக்ரமென்டோ புறநகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1979-ல் அவன் தெற்கே நகர்ந்தான். சான்டா பார்பரா அருகிலுள்ள கொலீட்டாவில் ஒரு தம்பதி தப்பித்துக் கூச்சலிட, பக்கத்து வீட்டிலிருந்த எஃப்.பி.ஐ. அதிகாரி காரில் துரத்தினார். திருட்டு சைக்கிளையும் கத்தியையும் போட்டுவிட்டு இருட்டில் ஓடி மறைந்தான். அதற்குப் பிறகு அவன் தாக்கிய யாரையும் உயிரோடு விடவில்லை. கொலீட்டா, வென்ச்சுரா, டேனா பாயின்ட், இர்வைன் என்று கடலோர ஊர்களில் 1981-க்குள் ஒன்பது பேர் இறந்தார்கள். ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 1986 மே மாதம் இர்வைனில் 18 வயதுப் பெண் ஒருத்தியைக் கொன்றான். அதன் பிறகு அவன் தடமே இல்லை.

மூன்று பட்டப்பெயர், ஒரே ஆள்

இத்தனை செய்தவன் ஏன் அகப்படவில்லை? அமெரிக்கக் காவல்துறையின் அமைப்பிலேயே பாதி விடை இருக்கிறது. மாவட்டம் போன்ற ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் தனிக் காவல் தலைவர், அதாவது ஷெரிஃப். ஒவ்வொரு நகரத்துக்கும் தனிப் போலீஸ். ஒரு கவுன்ட்டியின் கோப்பு பக்கத்துக் கவுன்ட்டிக்குப் போகாது. அன்றைக்குக் கம்ப்யூட்டர் தொடர்பும் இல்லை, டி.என்.ஏ. சோதனையும் இல்லை. விசாலியாவில் அவன் ‘விசாலியா ரான்சாக்கர்’. சேக்ரமென்டோவில் ‘ஈஸ்ட் ஏரியா ரேப்பிஸ்ட்’. தெற்குக் கலிஃபோர்னியாவில் ‘ஒரிஜினல் நைட் ஸ்டாக்கர்’. மூன்று பெயர், மூன்று கோப்பு, மூன்று பயம்.

1990-களில் ஆரஞ்ச் கவுன்ட்டித் தடயவியல் கூடத்தில் பழைய மாதிரிகளைச் சோதித்தபோது, தெற்கே நடந்த கொலைகளில் பல ஒருவனே செய்தவை என்று தெரிந்தது. 2001-ல் வடக்கே காண்ட்ரா கோஸ்டா கவுன்ட்டி பத்திரப்படுத்தி வைத்திருந்த வன்கொடுமை மாதிரிகளோடு அவற்றை ஒப்பிட்டார்கள். அதுவும் அவனேதான். ஆனால், சேக்ரமென்டோவில் வழக்குத் தொடரும் காலவரம்பு முடிந்துவிட்டது என்று சொல்லி அந்த ஊர் மாதிரிகளை ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தார்கள். அவன் கையில் அதிகம் துன்பப்பட்ட ஊரில், அவனை அடையாளம் காட்டக்கூடிய சான்று மிஞ்சவில்லை.

கொல்லப்பட்ட ஒருவரின் சகோதரர் சும்மா இருக்கவில்லை. குற்றவாளிகளின் டி.என்.ஏ.வைக் கட்டாயம் சேகரிக்க வேண்டும் என்று 2004-ல் கலிஃபோர்னியாவில் வாக்கெடுப்புக்கு வந்த ‘பிரபோசிஷன் 69’ சட்டத்துக்காகச் சொந்தப் பணத்தைச் செலவழித்துப் போராடினார். சட்டம் நிறைவேறியது. மாநிலத்தின் டி.என்.ஏ. சேமிப்பு பெருகியது. வேறு பல வழக்குகள் துலங்கின. இவன் மட்டும் அதில் இல்லை.

ஒரு பெயர் செய்த வேலை

மிஷெல் நுழைந்தபோது வழக்கின் நிலை இதுதான். ஸோடியாக் என்ற கொலைகாரனை உலகமே அறியும். அவனைவிடப் பல மடங்கு கொடுமை செய்த இவனைக் கலிஃபோர்னியாவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. வாயில் நுழையாத பட்டப்பெயர்கள் அதற்கு ஒரு காரணம் என்று மிஷெல் நினைத்தார். 2013-ல் ‘லாஸ் ஏஞ்சலீஸ்’ மாத இதழில் எழுதிய நீண்ட கட்டுரையில் அவனுக்குப் புதிதாக ஒரு பெயர் வைத்தார்: ‘கோல்டன் ஸ்டேட் கில்லர்’. கலிஃபோர்னியாவைத் தங்க மாநிலம் என்று அழைப்பது அமெரிக்க வழக்கம். அவன் வடக்கு, தெற்கு என்று பிரிக்க முடியாதபடி மாநிலம் முழுவதையும் காயப்படுத்தியவன் என்பதை அந்த ஒரு பெயர் சொல்லிவிட்டது.

சிதறிக் கிடந்த கோப்புகள் மக்கள் மனதில் ஒன்றாகின. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டன. 2016 ஜூனில் எஃப்.பி.ஐ. 50,000 டாலர் பரிசு அறிவித்தபோது, அதிகாரிகளே மிஷெல் வைத்த பெயரையும் பயன்படுத்தினார்கள்.

கட்டுரைக்குப் பிறகு புத்தகம் எழுத ஒப்பந்தமானார். வேலை பெருகியது. குற்றம் நடந்த ஒவ்வொரு தெருவையும் வரைபடத்தில் குறித்தார். நேரில் போய் நின்று பார்த்தார். ஓய்வுபெற்ற துப்பறிவாளர்களைத் தேடிப் பேசினார். காண்ட்ரா கோஸ்டாவின் விசாரணை அதிகாரி பால் ஹோல்ஸ் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு சம்பவ இடங்களைச் சுற்றிக் காட்டினார். வெளியார் யாரிடமும் வாய் திறக்காத அதிகாரிகள் மிஷெலிடம் பேசினார்கள் என்றால், சொன்னதை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததுதான் காரணம். 2016 ஜனவரியில் ஆரஞ்ச் கவுன்ட்டி ஷெரிஃப் அலுவலகம் தன் கோப்பறையையே அவருக்குத் திறந்துவிட்டது. ஆய்வு உதவியாளர் பால் ஹெய்ன்ஸும் அவரும் முப்பதுக்கும் மேற்பட்ட பெட்டிகளை இரண்டு வண்டிகளில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு போலீஸ் துறை சாதாரணக் குடிமகளிடம் இப்படி நம்பிக் கொடுப்பது அரிதினும் அரிது.

அவர் எழுத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொலைகாரனை அறிவாளியாகவோ மாயாவியாகவோ அவர் காட்டவே இல்லை. அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதினார். அவர்கள் என்ன வேலை பார்த்தார்கள், எதற்காகச் சிரித்தார்கள், பிழைத்தவர்கள் அதன் பின் எப்படி வாழ்ந்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு முக்கியமாக இருந்தது. அவன்தான் என்று தான் நம்பிய ஆள்கள் டி.என்.ஏ. சோதனையில் நிரபராதிகள் என்று தெரிந்ததையும் மறைக்கவில்லை.

தூக்கம் கெட்டதன் விலை

இரவெல்லாம் கொலைக் கோப்புகளைப் படிக்கும் மனம் பகலில் எப்படி அமைதியாக இருக்கும்? தூக்கம் கெட்டது. புத்தகத்தை ஒப்படைக்க வேண்டிய தேதி நெருக்கியது. விழித்திருக்க ஒரு மாத்திரை, தூங்க ஒரு மாத்திரை என்று நாள்கள் போயின. 2016 ஏப்ரல் 21 அன்று மிஷெல் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 46. கண்டறியப்படாத இதய ரத்தக்குழாய் அடைப்பும், ஒன்றோடொன்று சேரக் கூடாத மருந்துகளும் சேர்ந்து அவர் உயிரைப் பறித்தன என்று பின்னர் அவர் கணவரே வெளிப்படையாகச் சொன்னார்.

மேசையில் பாதிப் புத்தகம். கம்ப்யூட்டரில் 3,500 கோப்புகள். ஆஸ்வால்ட் அதை அப்படியே மூடி வைக்கவில்லை. ஹெய்ன்ஸையும் பத்திரிகையாளர் பில்லி ஜென்சனையும் அழைத்தார். மிஷெலின் குறிப்புகளை அவர்கள் வரிசைப்படுத்தினார்கள்; அவர் எழுதாத இடங்களில் அவர் குரலைப் போலிசெய்யாமல், இது நாங்கள் எழுதியது என்று குறிப்பிட்டே எழுதினார்கள். ‘ஐ வில் பி கான் இன் த டார்க்’ என்ற அந்தப் புத்தகம் 2018 பிப்ரவரி 27 அன்று வெளியானது. அதன் கடைசிப் பகுதி, முகம் தெரியாத அந்தக் கொலைகாரனுக்கு மிஷெல் எழுதிய கடிதம். கிழவனாகிவிட்ட அவன் வீட்டு வாசலில் ஒரு நாள் கார் வந்து நிற்கும், அழைப்பு மணி அடிக்கும், அவன் வெளிச்சத்துக்கு வந்தே தீர வேண்டும் என்று அதில் அவர் எழுதியிருந்தார்.

எள்ளுத்தாத்தாவின் அப்பா காட்டிக்கொடுத்தார்

புத்தகம் கடைகளில் விற்றுக்கொண்டிருந்த அதே வாரங்களில், வேறொரு மேசையில் வேறொரு தேடல் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. பால் ஹோல்ஸ், எஃப்.பி.ஐ. வழக்கறிஞர் ஸ்டீவ் கிரேமர் இருவரும் ஒரு புதிய வழியில் இறங்கியிருந்தார்கள்.

டி.என்.ஏ. சோதனை செய்துகொண்ட பொதுமக்கள் தங்கள் முன்னோரையும் உறவினரையும் தேடுவதற்காக முடிவுகளைப் பதிவேற்றும் ‘ஜெட்மேட்ச்’ என்ற இலவச இணையதளம் இருக்கிறது. வென்ச்சுரா கொலை வழக்கில் பாதுகாத்து வைத்திருந்த மாதிரியிலிருந்து கொலைகாரனின் டி.என்.ஏ. விவரத்தைத் தயாரித்து அதில் ஏற்றினார்கள். அவன் அதில் இல்லை. அவனுடைய தூரத்துச் சொந்தங்கள் சிலர் இருந்தார்கள். நான்கைந்து தலைமுறைக்கு முன் கிளை பிரிந்தவர்கள்.

நம் ஊர்க் கல்யாண வீடுகளில் வயதான பாட்டிகள், ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்டு, இரண்டு கேள்வியில் மூன்று தலைமுறை உறவைப் பிடித்துவிடுவார்கள். அந்த வேலையைத்தான் வம்சாவளி ஆய்வாளர் பார்பரா ரே-வென்டர் ஆவணங்களைக் கொண்டு செய்தார். கொலைகாரனுக்கும் அந்தத் தூரத்துச் சொந்தங்களுக்கும் பொதுவான மூதாதையர், 1800-களின் தொடக்கத்தில் வாழ்ந்தவர்கள். நம் கணக்கில் சொன்னால், எள்ளுத்தாத்தாவின் அப்பா. அங்கிருந்து கீழே இறங்கி ஒவ்வொரு கிளையையும் பிறப்புப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கு, இறப்பு அறிவிப்பு என்று தேடினார்கள். வயது பொருந்த வேண்டும். அந்தந்த ஆண்டுகளில் கலிஃபோர்னியாவில் இருந்திருக்க வேண்டும். பட்டியல் சுருங்கிச் சுருங்கி ஒரு பெயரில் வந்து நின்றது: ஜோசஃப் ஜேம்ஸ் டிஏஞ்சலோ.

நாற்பது ஆண்டுகளில் விசாரணை அதிகாரிகள் அலசிய எந்தப் பட்டியலிலும் சந்தேக நபராக அந்தப் பெயர் இருந்ததில்லை. மிஷெலின் புத்தகத்திலும் இல்லை.

ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த ஹோல்ஸ், சேக்ரமென்டோ புறநகரான சிட்ரஸ் ஹைட்ஸில் இருந்த அந்த வீட்டுக்கு எதிரே காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கிப் போய்க் கதவைத் தட்டி, பேசிப் பார்த்து, ஒரு மாதிரி கேட்டு வாங்கிவிடலாமா என்று யோசித்தார். ஆதாரம் போதாது என்று திரும்பிவிட்டார். ஏப்ரல் 18 அன்று, கடைக்கு வந்த டிஏஞ்சலோவின் கார்க் கைப்பிடியிலிருந்து போலீசார் ரகசியமாக மாதிரி எடுத்தார்கள். பிறகு அவன் வீட்டுக் குப்பையிலிருந்து டிஷ்யூ காகிதம் ஒன்றை எடுத்தார்கள். இரண்டும் கொலைகாரனின் டி.என்.ஏ.வோடு பொருந்தின.

2018 ஏப்ரல் 24 அன்று கைது. வயது 72. அடுப்பில் இறைச்சி வெந்துகொண்டிருக்கிறது என்றானாம். மிஷெல் இறந்து இரண்டு ஆண்டும் மூன்று நாளும் ஆகியிருந்தன. அன்று மாலை அவர் கணவரும் நண்பர்களும் இல்லினாய்ஸ் மாநிலத்தில், மிஷெல் பிறந்த மண்ணில், அவர் புத்தகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காக்கிச் சட்டைக்குள் இருந்தவன்

டிஏஞ்சலோ யார் என்று தெரிந்தபோது கலிஃபோர்னியா இன்னொரு முறை அதிர்ந்தது. அவன் போலீஸ்காரன். 1973 முதல் 1976 வரை விசாலியாவுக்குப் பக்கத்து ஊரான எக்ஸிட்டரில் வேலை பார்த்தவன். 1976 முதல் சேக்ரமென்டோவுக்கு வடகிழக்கே உள்ள ஆபர்னில் வேலை. ஊர் மாறியபோதெல்லாம் குற்றங்களும் அவன் கூடவே ஊர் மாறியிருக்கின்றன. ரோந்து எப்படி நடக்கும், தடயத்தை எப்படித் தேடுவார்கள் என்பதெல்லாம் அவன் பயிற்சியிலேயே கற்றவை. 1979-ல் ஒரு கடையில் சுத்தியலும் நாய் விரட்டும் மருந்தும் திருடி அகப்பட்டு வேலை இழந்தான். அந்த இரண்டு பொருளும் எதற்கு என்று அன்றைக்கு யாராவது நின்று யோசித்திருந்தால், அதற்குப் பிறகு இறந்த பத்துப் பேரில் சிலராவது பிழைத்திருக்கலாம்.

பின்னாளில் ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தின் லாரி மெக்கானிக்காக 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றான். மகள்களைப் பெற்று வளர்த்தான். தான் சூறையாடிய ஊர்களுக்கு நடுவிலேயே நிம்மதியாக வாழ்ந்தான்.

2020 ஜூன் 29 அன்று, கொரோனா காரணமாகச் சேக்ரமென்டோ பல்கலைக்கழகத்தின் பெரிய கூடத்தில் நீதிமன்றம் கூடியது. மரண தண்டனையிலிருந்து தப்பிக்க, 13 கொலைகளையும் 13 கடத்தல்களையும் ஒப்புக்கொண்டான். வன்கொடுமைகளுக்காக அவன் மீது தனியாக வழக்குப் போட முடியவில்லை. காலவரம்பு தாண்டிவிட்டது. அந்தக் காலவரம்பைக் கலிஃபோர்னியா 2016-ல் சட்டம் போட்டு நீக்கியது. ஆனால் பழைய வழக்குகளுக்கு அது பொருந்தாது. ஐம்பது பெண்களுக்கு நேர்ந்ததை அவன் வாயால் ஒப்புக்கொள்ள மட்டும் வைத்தார்கள்.

ஆகஸ்டில் மூன்று நாள்கள் பாதிக்கப்பட்டவர்கள் பேசினார்கள். சிறுமிகளாக இருந்தபோது தாக்கப்பட்டவர்கள் இப்போது ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள். கட்டுண்டு கிடந்த கணவர்கள் வந்தார்கள். இறந்தவர்களின் பிள்ளைகள் வந்தார்கள். அந்த இரவைப் பற்றி அதுவரை பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லாதவர்கள், அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். சக்கர நாற்காலியில் வாய் பிளந்து, ஒன்றுமே புரியாத கிழவனைப் போல உட்கார்ந்திருந்தான். அவனே சிறை அறையில் சுறுசுறுப்பாக உடற்பயிற்சி செய்யும் காட்சிகளை அரசுத் தரப்பு வெளியிட்டது. ஆகஸ்ட் 21 அன்று, பரோலே இல்லாத ஆயுள் தண்டனைகள் அடுத்தடுத்து விதிக்கப்பட்டன. அவன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, மன்னிப்புக் கேட்டு ஓரிரு வரி பேசினான். அவ்வளவு நேரம் நடித்தவனின் மன்னிப்பை எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்?

பிடித்தது யார்?

கைதுக்கு மறுநாள் செய்தியாளர்கள் ஷெரிஃபிடம் இதைத்தான் கேட்டார்கள். மிஷெலின் புத்தகம் வழக்கின் மீது மக்கள் கவனத்தைத் தக்கவைத்தது, ஆனால் அதிலிருந்த எந்தத் தகவலும் நேராகக் கைதுக்கு இட்டுச் செல்லவில்லை என்றார் அவர். அது உண்மை. அவனைப் பிடித்தது டி.என்.ஏ.; பொறுமையாகக் குடும்பக் கிளைகளை வரைந்த ஆய்வாளர்கள்; நாற்பது ஆண்டுகள் மாதிரியைப் பத்திரமாகக் காத்த யாரோ ஓர் ஊழியர்.

ஆனால், வழக்கு என்பது ஆதாரம் மட்டுமில்லை. அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பணம் வேண்டும். யாரும் கேட்காத வழக்குக்கு இவை எதுவும் கிடைக்காது. கேட்டுக்கொண்டே இருந்தவர் மிஷெல். முன்னோர்த் தேடலுக்கான டி.என்.ஏ. தளங்கள் வழியாகத்தான் அவனைப் பிடிக்க முடியும் என்ற நம்பிக்கையும் அவரிடம் இருந்தது. அவர் புத்தகம் அதைப் பேசுகிறது. விடை எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கதவைத் திறக்கும் அதிகாரம்தான் இல்லை.

இன்று ஆயிரக்கணக்கானோர் வீட்டிலிருந்தபடியே துப்புத் துலக்குகிறார்கள். அவர்கள் மிஷெலிடம் முதலில் கற்க வேண்டியது அடக்கம். 2013-ல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பின்போது, இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் சம்பந்தமே இல்லாத ஒரு மாணவரைக் குற்றவாளி என்று பரப்பி, அவர் குடும்பத்தை நரகத்தில் தள்ளினார்கள். இதே கோல்டன் ஸ்டேட் வழக்கில், 2017-ல் ஆரிகனில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த 73 வயது முதியவரிடம் போலீசாரே நீதிமன்ற ஆணையோடு போய் மாதிரி எடுத்தார்கள். அவர் நிரபராதி. சந்தேகம் யார் மீது வேண்டுமானாலும் விழும். அதைப் பொதுவில் கொட்டாமல் உரியவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் நேர்மை.

டி.என்.ஏ. தளங்களைப் போலீஸ் பயன்படுத்துவதிலும் இதே கவலை எழுந்தது. நான் கொடுக்கும் எச்சில், என்னைக் கேட்காத என் உறவினரையும் காட்டிக்கொடுக்கும். அதனால் 2019-ல் ஜெட்மேட்ச் தன் விதியை மாற்றியது. சம்மதம் சொன்னவர்களின் விவரத்தை மட்டுமே போலீஸ் பார்க்க முடியும் என்றது. கொலைகாரனைப் பிடிக்கும் கருவிக்கும் கடிவாளம் வேண்டும், அது நியாயம்.

இந்த வழக்கில் மிச்சமிருக்கும் பாடம் காவல்துறைக்கும் சட்டம் இயற்றுவோருக்கும் உரியது. ஒரு கவுன்ட்டி மாதிரியைப் பாதுகாத்தது, நீதி கிடைத்தது. இன்னொரு கவுன்ட்டி அழித்தது, சான்று போனது. பாலியல் வன்கொடுமை வழக்கின் தடயத்தை எந்த நாடும், எந்தக் காரணத்துக்காகவும் அழிக்கக் கூடாது. பாதிக்கப்பட்ட பெண்ணின் வலிக்குக் காலவரம்பு இல்லாதபோது, குற்றவாளிக்கு மட்டும் எதற்குக் காலவரம்பு?

மிஷெல் நினைத்தது நடந்தது. வெற்றிடமாக இருந்த முகத்துக்குப் பெயர் கிடைத்தது. பெயர் தெரிந்த நிமிடம் அந்த மாயாவி, குப்பைத் தொட்டியில் டிஷ்யூ போடும் ஒரு சாதாரணக் கிழவனாகச் சுருங்கிப்போனான். ஆனால், மிஷெலுக்கு 14 வயதிருக்கும்போது ஓக் பார்க் சந்தில் கொல்லப்பட்ட அந்த இளம்பெண்ணின் வழக்கு துலங்கவே இல்லை. அவளைக் கொன்றவனின் முகம் இருக்க வேண்டிய இடம் இன்னும் வெற்றிடமாகத்தான் இருக்கிறது.